போட்டோவில் இருந்த செயின்

17.11.2024

சிவராமன் ஐயாவுக்கு,

வணக்கம். நான் மகாலட்சுமியின் அம்மா அழகம்மாள். நீங்கள் மகாவுக்கு எழுதிய கடிதத்தைச் சிறார் தோழமை நிறுவனத்து ஆசீர் சார் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தவள் நான். படித்தவளும் நான். இனிமேல் பதில் எழுதப் போகிறவளும் நான்தான். மகா எழுத மாட்டாள்.

எவ்வளவு உயரம் இருக்கிறாய், என்ன பிடிக்கும், ஒரு போட்டோ அனுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாலு வயதுப் பெண்ணின் உயரம் உங்களுக்கு எதற்கு? உங்கள் ஊர் எது என்று பார்த்தால் அந்த இடத்தில் கறுப்பு மை தடவியிருக்கிறது. தெரு, போன் நம்பர் எல்லாவற்றின் மேலும் மை. ஆசீர் சாரைக் கேட்டால், "அது ரூல்ஸும்மா. உதவி பண்றவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது, நீங்க எங்கன்னு அவங்களுக்கும் தெரியக் கூடாது. புள்ளைங்க பாதுகாப்புக்குத்தான்" என்கிறார். அவ்வளவு பாதுகாப்பு என்றால் போட்டோ மட்டும் எதற்கு ஊர் ஊராகப் போகிறது?

நன்றி இல்லாதவள் என்று நினைக்காதீர்கள். போன ஆடியில் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டபோது எங்கள் வீடு சுவரோடு போய்விட்டது. மகாவின் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். நானும் மகாவும் இப்போது தகரக் கொட்டகையில் இருக்கிறோம். தகரம் உங்கள் சிறார் தோழமை நிறுவனம் போட்டது. தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு, பள்ளிக்கூட வேன் எல்லாம் அவர்களுடையது. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய இடத்தில். பஸ் ஓசிதான். ஆனால் மெயின் ரோட்டுக்குப் போக நெல் லாரி ஓடுகிற மண் பாதையில் நடக்க வேண்டும், சாயங்காலம் அதில் பெண்பிள்ளையைத் தனியாக விட முடியாது. வேன் இருப்பதால்தான் மகா ஒன்பதாவது படிக்கிறாள். நானும் ஒன்பதாவது வரை படித்தவள்தான். அதனால் உங்கள் கடிதத்தை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கம்பக்கத்தில், "வெளிநாட்டுக்காரன் சும்மா குடுப்பானா? மதம் மாத்துவான், இல்லாட்டி புள்ளையவே கேப்பான்" என்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. முழுசாக நம்பாமலும் இல்லை. உயரம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
அழகம்மாள்


8.12.2024

அழகம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காபி குடித்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். நீங்கள் கேட்டதெல்லாம் நியாயம். ஆனாலும் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உயரம் கேட்டது சைக்கிள் வாங்கித் தரலாம் என்றுதான். ஆபீசில் விசாரித்தால், "தனியா ஒரு புள்ளைக்கு மட்டும் எதுவும் கொடுக்கக் கூடாது சார்" என்றுவிட்டார்கள். சைக்கிளும் இல்லை, எனக்குக் கெட்ட பேர் வந்ததுதான் மிச்சம்.

நான் வெளிநாட்டுக்காரன் இல்லை அம்மா. பாய்லர் தொழிற்சாலையில் வெல்டிங் பரிசோதகனாக இருந்து ரிடையர் ஆனவன். பற்றவைத்த இடத்தில் சிவப்பு மையை அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு பூசினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடச் சிவப்புக் கோடாக வந்து நிற்கும். காலம் பூராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டு சிரித்த வெல்டர் ஒருத்தனும் கிடையாது. என் மனைவி உயிரோடு இருந்தவரை, "உங்களுக்கு இட்லியிலகூட ஓட்டைதான் தெரியும்" என்பாள்.

இந்த உதவியில் நானாகச் சேரவில்லை. கனடாவில் இருக்கிற என் மகள் அனுபமா என் பிறந்தநாளுக்கு என்னைக் கேட்காமலே என் பெயரில் சேர்த்துவிட்டாள். "உங்களுக்கும் யாராவது லெட்டர் போடுவாங்கப்பா" என்றாள். எனக்கு இவர்கள்மேல் சந்தேகம்தான். பளபளவென்று புத்தகம் அச்சடிக்கிறார்கள், அதில் சிரிக்கிற குழந்தைகள். வேன் ஓடுகிறது என்று புத்தகத்தில் போட்டால் ரோட்டிலும் ஓட வேண்டுமே? நீங்களே சொல்லுங்கள், ஆசீர் சொல்லிக்கொடுத்ததை எழுதாதீர்கள். வேன் தினமும் வருகிறதா? தகரம் ஒழுகுகிறதா?

நீங்கள் சொன்ன கொள்ளிடத்தை என் மொட்டைமாடியில் நின்றால் பார்க்கலாம். இந்த வரியின்மேலும் மை பூசுகிறார்களா என்று பார்ப்போம்.

சிவராமன்


2.2.2025

ஐயாவுக்கு,

மை பூசவில்லை. ஆக, நீங்கள் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறீர்கள். ஆடியில் பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தவர்களில் நீங்களும் உண்டா? எங்கள் பீரோ மிதந்து போனதையும் பிடித்திருப்பீர்கள்.

வேன் தினமும் வருகிறது. தகரம் ஒழுகியது, சொன்னேன், தார் பூசிக் கொடுத்தார்கள். இது ஆசீர் சார் சொல்லிக்கொடுத்தது இல்லை.

பதில் தாமதம் ஆனதற்குக் காரணம், மகாவுக்குக் காய்ச்சல். கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு போட்டோ உங்களுக்கு அனுப்புவது இவர்கள் வழக்கமாம். ஆசீர் சார் தங்கச்சி கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்ததால் மெட்ராஸ் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து எடுத்தாள். "சாதாரண டிரஸ்ல நிக்கட்டும்மா" என்றாள். "எம்பொண்ணு பிச்சைக்காரி இல்லம்மா, இப்படியேதான் நிப்பா" என்று சொல்லிவிட்டேன். அவளும் எடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

போட்டோ இதோடு வருகிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.

அழகம்மாள்


23.2.2025

அழகம்மாள் அவர்களுக்கு,

போட்டோ கிடைத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அது என் பழக்கம், மாற்ற முடியாது.

பட்டுப்பாவாடை, கையகலச் சரிகை. காதில் ஜிமிக்கி. கழுத்தில் செயின், கெட்டியான செயின், நடுவில் டாலர் வேறு. காய்ச்சலில் படுத்திருந்த பெண்ணுக்குத் தலை கொள்ளாத பூவும் ஜடையும் எதற்கு? என் காதில் பூ சுற்றாதீர்கள் அம்மா. வெள்ளத்தில் பீரோ போனது, வீடு போனது என்று எழுதியவர் நீங்கள். இவ்வளவு நகை எந்தத் தண்ணீரில் மிதந்து வந்தது?

உங்கள்மேல் எனக்கு மரியாதை வந்திருந்தது, அதனால்தான் வயிறு எரிகிறது. முதல் கடிதத்தில் நீங்கள் சண்டை போட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. அனுபமாவிடம் போனில் வாசித்துக்கூடக் காட்டினேன்.

ஆபீசுக்கு எழுதிவிட்டேன். உண்மையில் கஷ்டப்படுகிற பிள்ளைக்குப் போக வேண்டியது வேறு யாருக்கோ போகிறது, விசாரியுங்கள் என்று. அவர்கள் மூடி மறைப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். அதனால் நானே விசாரிப்பேன். போட்டோவில் மகாவுக்குப் பின்னால் அரிசி மில் புகைக்கூண்டுகள் வரிசையாகத் தெரிகின்றன. நெல் லாரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே இத்தனை மில் இருக்கிற ஊர் எது என்று கண்டுபிடிக்க ஆபீசர் வேண்டாம்.

சிவராமன்


12.3.2025

சிவராமன் ஐயாவுக்கு,

நீங்கள் நன்றாக இருங்கள்.

போன வாரம் வேன் வந்தது. மகா ஏறப் போனாள். "விசாரணை முடியற வரைக்கும் உன் பேரை நிறுத்தி வச்சிருக்காங்கம்மா" என்று டிரைவர் இறக்கிவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்குள் வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆசீர் சார் ஓடி வந்தார், "மேல பேசிக்கிட்டிருக்கேன்மா" என்றார். மேலே யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் செயின் பக்கத்துக் கொட்டகை அனுசுயாவுடையது. போட்டோவுக்கு இரவல் வாங்கினேன். அதுவும் தங்கம் இல்லை, கவரிங். போதுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். குடை வைத்துக்கொண்டு ஒரு வயசானவர் மில்லுக்கு எதிர் டீக்கடையில் எங்களைப் பற்றி விசாரித்தாராம். அது நீங்கள்தானே? வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவளைத் தேடி யாரோ ஒரு ஆம்பளை வந்தார் என்றால் இங்கே நாக்குமேல் பல்லைப் போட்டு என்னவெல்லாம் பேசுவார்கள் தெரியுமா? உங்கள் லென்ஸில் அது தெரியாதா?

நான் விடியும்போதே அரிசி மில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன். அந்த மண் பாதையில் மகாவைத் தனியாக விட முடியாது. வீட்டிலேயே இரு, பரீட்சை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உப்பிலியபுரத்திலிருந்து என் அண்ணன் வந்துவிட்டுப் போனார். "பாத்தியா, அடுத்தவன் குடுத்தத அடுத்தவனே புடுங்கிட்டான். எங்க வீட்டுக்கு அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றார். பள்ளிக்கூட லீவு விட்டதும் அனுப்பப் போகிறேன். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

அழகம்மாள்


ஸ்ரீரங்கம்
25.3.2025

அழகம்மாள் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மேலே போட்டிருக்கிறேன். மை பூச வேண்டாம் என்று ஆசீரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். உங்கள் ஊர் எனக்குத் தெரிந்த பிறகு என் ஊர் உங்களுக்குத் தெரியாமல் இருப்பது அநியாயம்.

டீக்கடைக்கு வந்தது நான்தான். தப்பு. ஆசீரிடம் நானே சொன்னேன். இன்னொரு தரம் இப்படிப் போனால் கடிதப் போக்குவரத்தே கிடையாது என்று ஆபீஸ் என்னை எச்சரித்திருக்கிறது. புகாரையும் வாபஸ் வாங்கிவிட்டேன். புகார் கிடைத்ததுமே பேரை நிறுத்தியவர்கள், வாபஸ் வாங்கினால் மட்டும் விசாரணை முடிய வேண்டும் என்கிறார்கள். சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த டீக்கடையில் ஒன்று கேட்டேன். மகாலட்சுமி வீடு எது என்றதற்குக் கடைக்காரர், "மாமன் தன் மகனையும் கூட்டிக்கிட்டு சீர் கொண்டாந்தாரே தையில, அந்த வீடா?" என்றார். நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன், பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. காய்ச்சல் இல்லை. பெண் பெரியவளாகியிருக்கிறாள், சடங்கு நடந்திருக்கிறது. அதை முன்பின் தெரியாத ஆணுக்கு எழுதக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. பட்டும் ஜிமிக்கியும் தாய்மாமன் சீர். சரி. செயின்?

இரவல் என்கிறீர்கள், அதே வரியில் கவரிங் என்கிறீர்கள். இரண்டு காரணம் சொன்னால் இரண்டும் பொய் என்று வெல்டர்களிடம் கற்றுக்கொண்டேன். தண்ணீரில் எல்லாவற்றையும் இழந்த தங்கச்சி மகளுக்கு, பையன் வைத்திருக்கிற அண்ணன் கெட்டிச் செயின் போடுகிறார் என்றால், நானும் இந்த ஊரில் பிறந்தவன்தானே, எனக்குத் தெரியாதா? அது வெறும் சீர் இல்லை. பெண்ணைக் கேட்டுப் போட்டது. நீங்கள் வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம்.

நான் தங்கத்தைப் பார்த்தேன், அதைப் போட்டது யார் என்று பார்க்கவில்லை. திருட்டைத் தேடினேன். நடக்கப் போவது கல்யாணம். அவளுக்குப் பதினாலு வயது அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. வேனை நிறுத்தி அந்த வீட்டுக்கு அவளைத் தள்ளிவிட்டதே நான்தானோ என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

ஆசீரிடம் இதையும் சொல்லிவிட்டேன். அவர் சட்டப்படி மேலே தெரிவித்தாக வேண்டுமாம். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

சிவராமன்


27.4.2025

ஐயாவுக்கு,

திட்டுகிறேன். ஒரு பெண்ணை மானத்தோடு வளர்க்கிறவள் வாசலில் ஜீப் வந்து நின்றால் எப்படி இருக்கும் தெரியுமா? ஆசீர் சாரும் குழந்தைகள் நல அலுவலகத்து அம்மாவும் வந்தார்கள். பதினெட்டு ஆகாமல் கல்யாணம் என்றால் கேஸ், அண்ணனும் உள்ளே போவார், நானும் போவேன் என்று அந்த அம்மா மெதுவாகத்தான் சொன்னார். கொட்டகை வரிசையே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. என் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டீர்கள்.

ஆமாம், செயின் என் அண்ணன் நல்லதம்பி போட்டது. ஆமாம், அவர் மகனுக்குக் கேட்டார். "ஆனியில முடிச்சிடலாம், படிச்சது போதும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

ஆடியில் தண்ணீர் வந்தபோது யார் வந்தார்கள்? உங்கள் சிறார் தோழமை மூன்றாம் நாள் வந்தது. பாயும் பாலும் பிஸ்கெட்டும் கொண்டுவந்தார்கள், பயந்துபோன பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் அண்ணன் அன்றைக்கே வந்தார். உப்பிலியபுரத்திலிருந்து தன் குட்டியானை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, மேட்டில் நிறுத்திவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் வரவில்லை என்றால் இந்தக் கடிதம் எழுத நான் இல்லை. அந்தக் கை செயின் போட வந்தபோது, வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லுங்கள், நீங்கள் படித்தவர்.

இன்னொரு விஷயம் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. மகாவை வீட்டில் இரு என்று சொன்னேன் அல்லவா? அவள் இருக்கவில்லை. நான் மில்லுக்குப் போனதும் கிளம்பிவிடுவாளாம். தனியாக இல்லை. சாயங்கால வகுப்பில் அவளோடு இருக்கிற பெண்பிள்ளைகள், வேனில் இடம் இருந்தும், இறங்கி அவளோடு மெயின் ரோடுவரை நடந்திருக்கிறார்கள். வரும்போதும் அப்படியே. டிரைவர் கத்தினாராம், ஒருத்தியும் ஏறவில்லையாம். பரீட்சை முழுவதையும் எழுதியிருக்கிறாள். "ஒருத்தியை இறக்கிவிட்டா எல்லாரும் இறங்கணும்னு கிளாஸ்ல பேசிக்கிட்டோம்மா" என்கிறாள். எனக்கு அடிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

விசாரணை முடிந்ததாம். வேன் மறுபடி வரும் என்றார் ஆசீர் சார்.

அழகம்மாள்


ஸ்ரீரங்கம்
11.5.2025

அழகம்மாள் அவர்களுக்கு,

தண்ணீர் வந்த அன்று நான் மொட்டைமாடியில் நின்றேன். படம் எடுக்கவில்லை, ஆனால் நின்றுதான் பார்த்தேன். உங்கள் அண்ணன் தண்ணீரில் இறங்கினார். அவரைப் பற்றித் தப்பாகப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

இருந்தாலும், தூக்கிக் காப்பாற்றிய பெண்ணைப் படிக்கவும் விடலாமே. இதை எழுதி எழுதி அடித்தேன், கடைசியில் எழுதிவிட்டேன்.

செயினைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அது இப்போது எங்கே இருக்கிறது? பதில் எழுதாவிட்டாலும் சந்தேகப்பட மாட்டேன் என்று சொல்ல ஆசை, ஆனால் படுவேன். போட்டோ இனி கேட்க மாட்டேன்.

சிவராமன்


15.6.2025

ஐயாவுக்கு,

செயினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜீப்புக்குப் பயந்து இல்லை, நீங்கள் எழுதியதற்காகவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் வேனை விட்டு இறங்கி நடந்தார்களே, அதைக் கேட்ட பிறகு அந்தச் செயின் இருந்த டப்பாவை என்னால் பார்க்க முடியவில்லை. மகாவையும் கூட்டிக்கொண்டு உப்பிலியபுரம் போனேன். பட்டு, ஜிமிக்கி, செயின், எல்லாவற்றையும் சீர் வந்த அதே தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். "அவ படிக்கட்டும்ணா. பதினெட்டு ஆனப்புறம் அவளைக் கேட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணிதான் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. கை நனைக்காமல் திரும்பினோம். வாசல் தாண்டும்போது அண்ணன், "இன்னியோட உன்னைத் தலைமுழுகிட்டேன். தண்ணியில போனாலும் என்னைக் கூப்புடாத" என்றார். மகா அங்கேயே அழுதாள். நான் பஸ் ஏறிய பிறகு அழுதேன்.

நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். ஆசீர் சாரும் சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷம் என்று எழுத வரவில்லை. எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அதற்காக உங்களை அண்ணா என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மகாவுக்குப் பத்தாவது புத்தகம் கொடுத்துவிட்டார்கள். அவள் தூங்கின பிறகு நான் எடுத்துப் புரட்டினேன். பத்தாவது புத்தகத்தை நான் கையில் எடுப்பது இதுதான் முதல் தடவை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று யூனிபாரத்தில் ஆசீர் சார் எடுத்தது. உங்கள் லென்ஸை வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒன்றும் இல்லை. உயரம் கேட்டீர்களே, என் காதுவரை வந்துவிட்டாள்.

ஆடி நெருங்குகிறது. மேட்டூர் நிரம்பப் போகிறது என்று மில்லில் பேசிக்கொள்கிறார்கள். இந்தக் கொட்டகையும் வாய்க்கால் ஓரம்தான். தண்ணீர் வந்தால் இந்தத் தடவை குட்டியானை வராது, வராதபடி நானே செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் வருவீர்களா? மூன்றாம் நாள் இல்லை ஐயா, அன்றைக்கே. அதை மட்டும் எழுதுங்கள்.

அழகம்மாள்